0.9-க்கு அடுத்த பதிப்பு

மார்ச் 1, வெள்ளி

‘கட்டம்’ 0.7 காலையில் வெளியே போனது. மதியத்துக்குள் பதினொரு பேர் இறக்கிக்கொண்டார்கள். அதில் இரண்டு பேர் நானே. மாடியில் இருக்கும் லேப்டாப்பிலும் கீழே ஹாலில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலும் சரியாக ஏறுகிறதா என்று பார்த்தேன்.

எந்தப் பிழையை எப்போது சரிசெய்தேன் என்பது எனக்கே மறந்துபோகிறது. அதற்காகத்தான் இந்த நாட்குறிப்பு. குடும்பக் கதை எழுத அல்ல.

பின்னால் புரட்டும்போது குழம்பாமல் இருக்க ஒரு விளக்கம். கட்டம் என்பது விளையாட்டு அல்ல, விளையாட்டு செய்வதற்கான கருவி. ஒரு நாயகன், ஓர் ஊர், அங்கே நாலு பேர், அவர்களோடு பேச்சு, நடுவில் சண்டை, கடைசியில் ஏதாவது ஒரு புதையல் என்று போகுமே, அந்த மாதிரிக் கதை விளையாட்டுகள். ப்ரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் சின்னச் சின்னச் சதுரப் படங்களைத் தரைக்கு டைல்ஸ் ஒட்டுவதுபோல ஒட்டி, தமிழிலேயே அப்படி ஒன்றைச் செய்துகொள்ளலாம். நான் ஒருத்திதான் இதை எழுதுகிறேன். காலையில் ஒரு நகைக்கடையின் பில் போடும் மென்பொருளைக் கவனிக்கும் வேலை, மிச்ச நேரமெல்லாம் இது. யாரும் கேட்டுச் செய்யவில்லை. மாமனார் இதைக் ‘கேமு’ என்பார். என் அம்மா ‘அது’ என்பார்.

வெள்ளிக்கிழமை என்பதால் அவருக்கு விடுமுறை. மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டார். அவர் என்றால் சிவநேசன், என் கணவர். அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார்.

“எப்ப தாரணி இங்க கெளம்பி வர்ற?”

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பதில்தான் கையில் இல்லை. திரையில் 0.7 என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது.

“கட்டம் 1.0 வந்துட்டாக் கெளம்பிடறனுங்க. அரைகொறையா விட்டுட்டு வந்தா மனசு இங்கயேதான் கெடக்கும்.”

“இப்ப எத்தனைல இருக்குது?”

“0.7.”

“அப்ப எட்டு, ஒம்பது, அப்புறம் ஒண்ணு. அவ்வளவுதான?” என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மார்ச் 5, செவ்வாய்

செய்ததை நீக்கும் பட்டனில் ஒரு கோளாறு. வரைபடத்தில் ஒரு மரத்தை வைத்துவிட்டு வேண்டாம் என்று அழுத்தினால், மரம் போகிறது, நிழல் மட்டும் தரையிலேயே நிற்கிறது. நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். நடுவில் சிலிண்டர் வந்தது, இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. நிழல் போகவில்லை.

மார்ச் 6, புதன்

நிழல் போய்விட்டது. இப்போது மரம் வரமாட்டேன் என்கிறது.

மார்ச் 22, வெள்ளி

புது ஃபிளாட் எடுத்துவிட்டார். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக நடந்து காட்டினார். ஹால், சமையலறை, ஒருத்தர் நிற்கிற அளவுக்கு ஒரு பால்கனி. கட்டில், பீரோ எல்லாம் வாங்கிப் போட்டாயிற்று. இதுவரை நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தவர், தனி வீட்டில் நடக்கும்போது செருப்புச் சத்தமே வேறு மாதிரி கேட்டது. படுக்கையறை ஜன்னலோரம் வந்து நின்றார்.

“இது உன்ற டேபிளு. இங்க உக்காந்து நீ என்ன வேணா பண்ணிக்க. ஆரும் கேக்க மாட்டாங்க.”

“நல்லா இருக்குதுங்க” என்றேன்.

நல்லாத்தான் இருந்தது. ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் அதில் வரிசையாக ஏசி பெட்டிகளும். அதை அவர் காட்டவில்லை, ஓரத்தில் தெரிந்தது.

பிறகு பேச்சுப் பெட்டியில் உட்கார்ந்தேன். விளையாட்டில் ஆட்கள் பேசுவது தெரிகிற பெட்டி. வரி முடிகிற இடத்தில் ‘கொ’ வந்தால் கொம்பு மேல் வரியிலும் மிச்சம் கீழ் வரியிலும் விழுகிறது. இன்றே சரிசெய்ய வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. விளக்கு வைக்கிற நேரம் வரை அதிலேயே கிடந்தேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

0.8 வெளியானது. மஸ்கட்டுக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: ‘இன்னும் ரெண்டு.’

ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரில் மாமாவை உட்காரவைத்தேன். மில்லில் முப்பது சொச்சம் வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தை இறந்த பிறகு டிவியும் தினத்தாளும்தான் துணை. விளையாட்டே தெரியாத ஒருவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பது நல்ல சோதனை. நாயகனைச் சுவரில் முட்டவைத்தார். கிணற்றின் மேல் நடக்கவைத்தார். அது நடக்கக் கூடாத இடம், குறித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஏனம்மிணி, இந்தப் பையன் உக்காரவே மாட்டானா? வந்ததுல இருந்து நின்னுட்டே இருக்கறான்.”

“உக்காரற மாதிரி வெக்கலீங் மாமா.”

“பாவம்.”

அடுத்து, நான் மாதிரிக்காகச் செய்து வைத்திருந்த ஒரு வரைபடத்தைத் திறந்தார். கட்டத்தில் முதன்முதலாக நான் அடுக்கிப் பார்த்த வீடு அதுதான். ரெண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு ஜன்னல். ஒவ்வொரு சுவராக நாயகனை முட்டவைத்துப் பார்த்தார்.

“இந்த வூட்டுக்கு வாசலே இல்லியே.”

“வெக்க மறந்துட்டனுங் மாமா.”

“அப்ப உள்ள எப்படிப் போனான்?”

நாயகனை எங்கே வேண்டுமானாலும் நேராக இறக்கிவிடலாம், அதற்கு ஒரு வசதி இருக்கிறது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ஏதோ ஞாபகம் வந்தவராட்டம் சொன்னார்: “நீ போறதுக்கு என்னைப் பத்தி ரோசன பண்ண வேண்டாம் அம்மிணி. நான் பொள்ளாச்சில சாரதா வூட்டுக்குப் போயிக்குவேன். அவளும் கூப்பிட்டுட்டேதான் இருக்கறா.”

சாரதா என் நாத்தனார். நான் ஒன்றும் கேட்கவே இல்லை. நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் சுள்ளென்று கோபம் வந்தது. சாயங்காலம் வரை பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே கழுவப்பட்டன.

ஏப்ரல் 15, திங்கள்

நாயகன் உட்கார வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஒவ்வோர் ஆளுக்கும் நாலு திசையில் உட்கார்ந்த படம் வரைய வேண்டும். எந்த நாற்காலியில் உட்காரலாம், எந்தத் திட்டில் கூடாது என்று ஒவ்வொரு சதுரத்துக்கும் சொல்ல வேண்டும். நிறைய வேலை. பரவாயில்லை, மாமா கேட்டுவிட்டார் அல்லவா.

மே 6, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கரண்ட் போய்ப் போய் வருகிறது. உட்காரும் வேலை முடிந்தது. மாமாவிடம் காட்டினேன். நாயகனைக் கோயில் படியில் உட்காரவைத்துவிட்டு, அவனை அங்கேயே விட்டுவிட்டுச் செய்தி பார்க்கப் போய்விட்டார்.

மரியதாஸிடமிருந்து ஒரு குரல் செய்தி. இவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கட்டத்தை வைத்து உண்மையாகவே ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருக்கிற ஒரே ஆள். மற்றவர்கள் இரண்டு மரம் நட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவருடைய விளையாட்டில் யாரும் ஓட்டாத ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் வந்து நிற்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று நாயகன் தேடுகிறான். நன்றாகவே செய்கிறார்.

“மேடம், நீங்க ஒவ்வொரு பதிப்புலயும் கோப்பு அமைப்ப மாத்துதீங்க. நான் ஒவ்வொரு தடவையும் நாப்பது வரைபடத்தத் திரும்பத் தொறந்து சேமிக்க வேண்டியிருக்கு. 1.0 வந்துட்டா மாத்த மாட்டேன்னு சொன்னீங்கள்ல. அதுக்குத்தான் மேடம் காத்துக்கிட்டு இருக்கேன். ஒண்ணும் அவசரமில்ல. ஆனா எப்ப மேடம்?”

ஆளாளுக்கு ‘எப்ப’ என்று கேட்கிறார்கள். சீக்கிரம் என்று பதில் போட்டேன்.

மே 24, வெள்ளி

0.9.

கூப்பிட்டதும் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “அடுத்தது ஒண்ணு. ஜூன் கடைசிக்கு டிக்கெட் போட்டுடட்டா?” என்றார். போடுங்க என்றேன். இருபத்தெட்டாம் தேதிக்குப் போட்டு, பத்து நிமிடத்தில் அனுப்பிவைத்துவிட்டார்.

பரணிலிருந்து சூட்கேஸை இறக்கித் துடைத்தேன். சக்கரம் ஒன்று சுற்ற மறுக்கிறது. எண்ணெய் விட்டேன். புடவைகளை எடுத்துக் கட்டிலில் பரப்பியபோதுதான், நாயகன் கதவைத் திறக்கிற அதே நொடியில் யாராவது அவனிடம் பேச வந்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. போய்ப் பார்த்தேன். எல்லாம் உறைந்து நின்றுவிடுகிறது. இப்படி ஒரு பிழையை வைத்துக்கொண்டு 1.0 என்று எப்படிச் சொல்வது? பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது.

ராத்திரி படுக்க இடம் வேண்டுமே, புடவைகளைத் திரும்ப அடுக்கிவைத்தேன்.

ஜூன் 14, வெள்ளி

கதவுப் பிழையைச் சரிசெய்தேன். அதைச் சரிசெய்யப்போய் இன்னும் மூன்று கிடைத்தன. அவற்றையும் முடித்துக் காலையில் வெளியிட்டேன். பதினோரு மணிக்கு அவர் கூப்பிட்டார்.

“வந்துருச்சா?”

“வந்துருச்சுங்க.”

“ஒண்ணா?”

“0.10.”

“அதென்ன தாரணி, மறுபடியும் பாயிண்ட் ஒண்ணுக்கே போயிட்டயா?”

கணக்குப் பார்க்கிறவர் அல்லவா, அவருக்கு அப்படித்தான் தெரியும். பொறுமையாக விளக்கினேன். “நடுவுல இருக்கறது தசமப் புள்ளி இல்லீங்க. சும்மா ஒரு பிரிப்பு. அந்தப் பக்கம் ஒரு எண்ணு, இந்தப் பக்கம் ஒரு எண்ணு. ஒம்பதுக்கப்புறம் பத்து, பத்துக்கப்புறம் பதினொண்ணு. எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்க.”

“அப்ப ஒம்பதுக்கப்புறம் ஒண்ணு வராதா?”

“வரணும்னு இல்லீங்க.”

“எது வரைக்கும் போகும்?”

“எது வரைக்கும் வேணாலும் போலாம். சில பேரு பாயிண்ட் நூறுக்கு மேலயே இருக்கறாங்க.”

“ஒண்ணு வராமயே?”

“வராமயே போலாம்.”

கேட்டதற்குச் சரியான பதில் அதுதான். தொழில்நுட்ப ரீதியாக அதில் ஒரு தப்பும் இல்லை. அவர் சாப்பிட்டாயா என்று கேட்டார், சாப்பிட்டேன் என்றேன். கொஞ்சம் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமையில் என்ன வேலையோ.

ஜூன் 15, சனி

‘டிக்கெட் கேன்சல் பண்ணிட்டேன்’ என்று ஒரு வரி அனுப்பியிருந்தார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் பதிலாக அனுப்பினேன். வேறு எதை அனுப்புவது என்று தெரியவில்லை.

ஜூன் 28, வெள்ளி

வரைபடங்கள் இப்போது முன்பைவிட இரண்டு மடங்கு வேகமாகத் திறக்கின்றன.

ஜூலை 5, வெள்ளி

இப்போதெல்லாம் காருக்குள் உட்கார்ந்துதான் பேசுகிறார். வீட்டில் சிக்னல் சரியில்லையாம். பின்னால் வேறு வண்டிகளின் சத்தம். ஏசியைப் போட்டுக்கொண்டு, வண்டியை எங்கும் ஓட்டாமல், ஓரமாக நிறுத்தி உட்கார்ந்திருக்கிறார்.

“இப்ப எத்தனைல இருக்குது?” என்று கேட்டார். அங்கே மழையா என்று கேட்பதுபோல இருந்தது.

“பதினொண்ணு வரப்போகுதுங்க.”

“செரி.”

ஜூலை 12, வெள்ளி

0.11. ஏழு பேர் இறக்கிக்கொண்டார்கள்.

ஜூலை 17, புதன்

இன்று ஆடி ஒன்று. மாமா காலண்டரில் தாளைக் கிழித்துக்கொண்டே, “இனி இந்த மாசம் புதுசா எதையும் தொடங்கப்படாது” என்று சொன்னார். அவர் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர் போர் போடப்போகிறார் என்பதைப் பற்றி. எனக்கு நாள், நட்சத்திரம் எதிலும் நம்பிக்கை கிடையாது. கல்யாணத்துக்கே ஜாதகம் பார்க்கக் கூடாது என்று அடம்பிடித்தவள்.

ஆனால் 1.0 என்பது புதிய தொடக்கம்தானே. ஆவணியில் வைத்துக்கொள்ளலாம். நாலு பேர் நம்பிக்கையை மதிப்பதில் என்ன குறைந்துவிடப்போகிறது. இதை அவருக்கும் எழுதினேன். ‘செரி, ஆவணி’ என்று பதில் வந்தது. அதன் பிறகு கொஞ்ச நேரம் வேலையே ஓடவில்லை. மொட்டை மாடிக்கும் கீழுக்குமாக நாலைந்து தடவை நடந்தேன். துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான்.

ஜூலை 21, ஞாயிறு

நேற்று 0.12. இன்று மரியதாஸ் போனே செய்துவிட்டார். இதுவரை நாங்கள் நேராகப் பேசியதில்லை.

“மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. நான் தெரியாமத்தான் கேக்கேன். 0.9-க்கும் 0.12-க்கும் என்ன வித்தியாசம்?”

கதவுப் பிழை, வேகம், பட்டன்களின் நிறம் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

“அந்தக் கதவுப் பிழை எனக்கு ஒரு தடவகூட வந்ததில்ல மேடம். நான் ரெண்டு மாசமா 0.9-லயேதான் இருக்கேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதையே 1.0-ன்னு சொல்லிட்டாப் போதும்னு எனக்குத் தோணுது. நீங்க எதுக்கு மேடம் பயப்படுதீங்க?”

“உங்களுக்கு என்னங்க தெரியும், உள்ள எவ்வளவு வேலை இருக்குதுன்னு?” என்று கத்திவிட்டேன். மாமா டிவி சத்தத்தைக் குறைத்தார். போனை வைத்துவிட்டு, மரியதாஸைக் கட்டம் பயன்படுத்துகிறவர்களின் குழுவிலிருந்து நீக்கினேன். குழுவில் மொத்தமே ஒன்பது பேர். அரை மணி நேரம் கழித்துத் திரும்பச் சேர்த்தேன். அவர் ஒரு வணக்கம் மட்டும் போட்டார்.

பயமாம். எனக்கென்ன பயம்.

ஜூலை 26, வெள்ளி

மதியம் பீர்க்கங்காய்த் துவையலும் ரசமும். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மஸ்கட்டிலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. பேச்சுவாக்கில், “ஆவணிக்கு நான் போறப்ப அவருக்குப் பருப்புப் பொடியெல்லாம் அரைச்சு எடுத்துட்டுப் போகோணும்” என்றேன். சும்மா சொன்னதுதான்.

மாமா கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நீ போயி எங்கம்மிணி தங்குவ? அவந்தான் வூட்டைக் காலி பண்ணிட்டானே.”

“எந்த வூட்டைங் மாமா?”

“உனக்குன்னு எடுத்தானே, அந்த வூட்டைத்தான். கட்டிலு, பீரோவெல்லாம் கூட வேலை செய்யற பையனுக்குக் குடுத்துட்டானாமா. மறுக்காவும் அந்த நாலு பேரு ரூமுக்கே போயிட்டான். போன மாசமே. உனக்குத் தெரிஞ்சுதான் இருக்கும்னு நெனச்சுட்டனே.”

ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். போதும் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

போன மாதம் என்றால், 0.10 வந்த கையோடு. அன்றைக்கே அவருக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் கார். நாலு பேர் இருக்கிற அறையில் பெண்டாட்டியோடு எப்படிப் பேசுவது? புரிந்த பிறகும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எத்தனையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆவணி என்று நான் சொன்னதற்கும் செரி என்று சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் அவர் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. தலைவலி என்று எழுதி அனுப்பினேன். அது பொய்யில்லை.

ஜூலை 28, ஞாயிறு

இரண்டு நாளாக எதையும் தொட முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. காய்கறிக் கடைக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன். கட்டத்தைத் திறந்து, 1.0-க்கு முன் முடிக்க வேண்டியவை என்ன என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. மே மாதத்திலிருந்தே ஒன்றும் இல்லை.

குடும்பக் கதை எழுதமாட்டேன் என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

கல்யாணமான வருடம் மஸ்கட்டில் ஏழு மாதம் இருந்தேன். அவர் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். வெளியே நெருப்பு. எனக்கு அங்கே வேலை கிடையாது, வண்டி கிடையாது, தெரிந்த முகம் கிடையாது. லேப்டாப் இருந்தது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த ஏழு மாதத்தில் நான் எழுதிய ப்ரோகிராம் எதுவும் ஓடவில்லை. ஒருநாள் அவர் வர ஒரு மணி நேரம் தாமதமானதற்கு அழுது தீர்த்தேன். அவர் பயந்துபோனார். நானும்தான். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அந்த அறைகள் என்னை அப்படி ஆக்கின.

அவருக்கு அந்த ஏழு மாதம்தான் நல்ல காலம். கதவைத் திறந்தால் விளக்கு எரியும், குழம்பு வாசனை வரும், நான் இருப்பேன். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த முகத்தைப் பார்த்து, எனக்கு அது ஜெயில் என்று எப்படிச் சொல்வது? அத்தைக்கு முடியவில்லை என்று செய்தி வந்தபோது நான்தான் முதலில் பெட்டி கட்டினேன். அத்தை போன பிறகு, மாமாவை யார் பார்ப்பது என்றேன். மாமா பொள்ளாச்சி என்றதும் கட்டம் என்றேன்.

எனக்கு அவரைப் பிடிக்கும். அங்கே போகப் பிடிக்கவில்லை. இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்து ஒருவரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் ஒன்பதுக்குப் பிறகு பத்து போட்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

காலையில் குளித்துவிட்டு நேராக லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். 0.12 என்பதை அழித்துவிட்டு 1.0 என்று எழுதினேன். வேறு ஒரு எழுத்தையும் தொடவில்லை. வெளியிட்டேன்.

மரியதாஸ் குரல் செய்தி அனுப்பினார். கிரேன் மேலிருந்து பேசுகிறார் போலிருக்கிறது, காற்றில் பாதி கேட்கவில்லை. “மேடம்... சந்தோசம் மேடம்... ஞாயித்துக்கெழம நம்ம கப்பல விட்டுருதேன்” என்பது மட்டும் கேட்டது. ஜூலையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம் என்றார்.

மாமாவிடம் சொன்னேன். “ஆடியிலயா?” என்றார்.

“ஆமாங் மாமா. ஆடியிலதான்.”

மஸ்கட்டுக்கு மட்டும் நான் செய்தி அனுப்பவில்லை. 1.0 என்று எழுதி அனுப்பினால் வேறு அர்த்தமாகிவிடும். அதை வாயால்தான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அவர் கூப்பிடும்வரை பொறுக்க முடியவில்லை. நானே கூப்பிட்டேன். இரண்டு நிமிடம் இரு என்று சொல்லிவிட்டு, படியிறங்கிக் காருக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“1.0 விட்டுட்டனுங்க.”

“ம்” என்றார். சந்தோஷப்படவா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அவரை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது நான்தான். அதற்கு மேல் என்னால் இழுக்க முடியவில்லை.

“நான் வரலீங்க. ஆடி முடிஞ்சாலும் வரல. மாமா பொள்ளாச்சி போனாலும் வரல. உங்களோட இருக்கோணும், ஆனா அங்க என்னால இருக்க முடியாது. போன தடவையே முடியல. சொல்லத் தெரியாமத்தான் நம்பர் போட்டுட்டு இருந்தேன். வூட்டைக் காலி பண்ணினது எனக்குத் தெரியும்.”

“இதை மார்ச்சுலயே சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“சண்டை போட்டிருப்பேன்.”

“அதுக்குத்தான்...”

“பெரிய சண்டையாத்தான் இருந்திருக்கும் தாரணி. ஆனா இந்நேரத்துக்கு முடிஞ்சிருக்குமில்ல?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, “செரி, இப்பப் போடுங்க” என்றேன்.

போட்டார். இந்த மனிதருக்கு இவ்வளவு கோபம் எங்கே இருந்ததோ. அந்தக் கட்டிலை மூணு மாடி ஏற்றியது யார் தெரியுமா என்றார். அதை இறக்கும்போது கூட இருந்தவர்கள் சிரித்ததைச் சொன்னார். கணக்குப் பார்க்கிற என்னையே புள்ளி வைத்து ஏமாற்றினாயே என்றார். நானும் விடவில்லை. அந்த வூட்டை எடுக்கறதுக்கு முன்னாடி உனக்கு வர இஷ்டமா தாரணின்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டீங்களா என்றேன். நான் எந்த ஜன்னலைப் பார்த்து உட்காரணும்கறது வரைக்கும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்களே என்றேன்.

“இங்க எனக்கு மட்டும் சொர்க்கமா? நான் எதுக்குடி இங்க கெடக்கறேன்?”

“அப்ப வந்துருங்க.”

“வந்து?”

“தெரியல.”

“தெரியாம எப்படி வர்றது?”

“நான் அப்பத் தெரியாமத்தான் வந்தேன்.”

அவர் இன்னும் சத்தம் போட்டார். மாமா மாடிப்படி வரை வந்து, கொஞ்சம் நின்று கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டார். அடுப்பில் சோறு அடிபிடித்த வாசனை வந்தது. போய் அணைத்துவிட்டு வந்தேன், திரும்பவும் சண்டை போட்டோம். நான் கட்டி அனுப்பிய ஊறுகாய் பாட்டில் உடைந்தது வரை பேசியாயிற்று. எதுவும் முடிவாகவில்லை. அவர் வருவாரா, நான் போவேனா, ஒன்றும் தெரியாது. கடைசியில் தொண்டை கட்டி, சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன், இன்னும் இருக்கிறது என்று சொல்லி வைத்தார்.

அடிபிடித்த சோற்றை மேலாக எடுத்து மாமாவுக்குப் போட்டுவிட்டு, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பசி பயங்கரமாக இருக்கிறது.

போன் அடிக்கிறது. இதற்குள் சாப்பிட்டிருக்க மாட்டார்.